ஜாக்கி பறக்கக் கூடாது: ஜிம்னியிலும் தாரிலும் சாமான்களைக் கட்டும் முறை

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்துவிட்டு டிக்கியைத் திறந்து பாருங்கள். இடது மூலையில் வைத்த ஸ்பேனர் பெட்டி வலது மூலையில் கிடக்கும். சிக்கிய வண்டியை இழுக்கும் டோ ரோப் வைத்த பை அதற்கு அடியில் போயிருக்கும். தார்ச்சாலையிலேயே இந்தக் கதி என்றால், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு வாடகை ஜீப்புகள் ஏறும் தடம் மாதிரியான கல் பாதையில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பலரும் டிக்கியிலிருந்து வரும் சத்தம் தாங்காமல்தான் எதையாவது கட்ட ஆரம்பிக்கிறார்கள். பைக்கில் லக்கேஜ் கட்டும் எலாஸ்டிக் கயிற்றை இரண்டு சுற்று சுற்றியதும் சத்தம் நின்றுவிடும், கட்டியாச்சு என்ற திருப்தியும் வந்துவிடும். சத்தத்தை அடக்கக் கட்டுவது ஒரு வேலை. மோதலில் சாமான் பறக்காமல் கட்டுவது வேறு வேலை. மாருதி ஜிம்னி, மஹிந்திரா தார் மாதிரியான ஜீப் வகை வண்டிகளுக்கு இங்கே பார்க்கப்போவது இரண்டாவதை. அதைச் சரியாகச் செய்தால் முதலாவது பெரும்பாலும் தானாக முடிந்துவிடும்.

கணக்கு எளிது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி நின்றால், கட்டாத சாமான் அதே 60-இல் முன்னால் போகும். 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடி உயரத்திலிருந்து, விழும் பொருள் தரையைத் தொடும்போது இருக்கும் வேகம் அது. வண்டியை உயரமாகத் தூக்கும் நீளமான 48 அங்குல ஹை-லிஃப்ட் ஜாக்கி ஏறக்குறைய 13 கிலோ. பின் சீட்டின் முதுகு தடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். சீட்டுகளுக்கான ஐ.நா. ஆர்17 விதியில், டிக்கியில் தலா 18 கிலோ எடையுள்ள இரண்டு கட்டைகளை வைத்து 50 கி.மீ. வேக மோதலில் சோதிக்கிறார்கள். ஆக, 36 கிலோவுக்குத்தான் சோதனை. ஹை-லிஃப்ட் 13, சிக்கிய வண்டியை மீட்கும் சாமான்கள் உள்ள ரெக்கவரி பை 12, கருவிகள் 10, ஏர் கம்ப்ரசர் 5, தண்ணீர் 20 என்று கூட்டிப் பாருங்கள், 60 வந்துவிடும்.

எனவே ட்ரில்லை எடுப்பதற்கு முன் தராசை எடுங்கள். வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷினே போதும். சாமான் ஒவ்வொன்றையும் நிறுத்து ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்து கதவு ஜிம்னியின் வெறும் எடை ஏறக்குறைய 1,200 கிலோ, மொத்த எடை வரம்பு 1,545 கிலோ. ஆள், சாமான் எல்லாம் சேர்த்து மிச்சம் 345 கிலோதான். தலைக்கு 70 கிலோ வீதம் நாலு பேர் ஏறினால் 280 போய்விடும். கையில் இருப்பது 65 கிலோ. இரும்பு பம்பர், விஞ்ச் எதுவும் மாட்டியிருந்தால் அதையும் இதிலிருந்தே கழிக்க வேண்டும். கட்டும் வேலையில் பாதி, எதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது என்று முடிவு செய்வது. இரண்டு செட் ஸ்பேனர், மூன்று டோ ரோப் எல்லாம் எவருக்கும் தேவைப்படுவதில்லை.

எது எங்கே

பட்டியல் தயாரானதும் அதை மூன்றாகப் பிரியுங்கள். பெல்ட் போட்ட நிலையில் டிரைவர் கைக்கு எட்ட வேண்டியவை முதல் பங்கு. பக்கக் கதவைத் திறந்து எடுக்க வேண்டியவை இரண்டாவது. முகாமுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எடுத்தால் போதும் என்பவை மூன்றாவது.

முதல் பங்கில் தீயணைப்பான், சீட் பெல்ட் அறுக்கும் கத்தி, டார்ச், முதலுதவிப் பை தவிர வேறெதுவும் வேண்டாம். வண்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது, நீங்கள் பெல்ட்டில் தொங்குகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு இவற்றின் இடத்தை முடிவு செய்யுங்கள். வண்டி நேராக நிற்கும்போது கைக்கு எட்டுகிற கிளவ் பாக்ஸ், சாய்ந்தால் எட்டாமல் போகலாம்.

இரண்டாவது பங்கில்தான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். ஜிம்னி, தார் இரண்டிலும் பின்கதவில் ஸ்டெப்னி தொங்குகிறது, கதவு பக்கவாட்டில் திறக்கிறது. சேற்றில் இறங்கிய வண்டியின் பின்பக்கம் மேட்டில் முட்டி நின்றால் அந்தக் கதவு திறக்காது. டோ ரோப்பும், அதை வண்டியோடு கோக்கும் ஷேக்கிளும் (பூட்டு வளையம்), மண்வெட்டியும் உள்ளே இருக்கும், நீங்கள் வெளியே நிற்பீர்கள். ரெக்கவரி பைக்குச் சரியான இடம் முன் பயணி சீட்டுக்குப் பின்னால் உள்ள கால் வைக்கும் பள்ளம். வண்டியின் தரையிலேயே தாழ்வான இடங்களில் அது ஒன்று. பின் ஆக்ஸிலுக்கு முன்னால் இருப்பதால் எடையும் நல்ல இடத்தில் விழுகிறது. முன்னால் பாயவிடாமல் முன் சீட்டின் அடிப்பகுதியே தடுத்துவிடுகிறது. ஜிம்னியில் இடப்பக்கப் பின் சீட்டுக் கதவைத் திறந்து எடுக்கலாம். மூன்று கதவு தாரில் முன் பயணி சீட்டைச் சாய்த்து எடுக்க வேண்டும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் மட்டும் உருளக்கூடிய எதையும் வைக்காதீர்கள். சீட்டுக்கு அடியில் உருண்டு வந்து பிரேக் பெடலின் கீழ் சிக்கும் ஒரு ஷேக்கிளோ தண்ணீர் பாட்டிலோ போதும், மலை இறக்கத்தில் வேறெந்தக் கோளாறும் வேண்டாம்.

மற்றதெல்லாம் டிக்கிக்கு. கனமானவை அடியில், பின் சீட்டின் முதுகோடு ஒட்டி. இலேசானவை மேலே, கதவுப் பக்கம். பெட்டிக்கும் சீட் முதுகுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டால், மோதலில் அந்த இடைவெளியில் பெட்டி வேகம் எடுத்து வந்து சீட்டை இடிக்கும். ஒட்டியிருந்தால் அந்த இடி இல்லை, அழுத்தம் மட்டும்தான். பின் சீட்டில் ஆள் இல்லையென்றால் அந்த சீட் பெல்ட்டுகளை வெறுமனே தொங்கவிட வேண்டாம். இடது பெல்ட்டை வலது பக்கிளிலும் வலது பெல்ட்டை இடது பக்கிளிலும் பெருக்கல் குறி மாதிரி பூட்டி வையுங்கள். சீட் முதுகுக்குக் காசில்லாமல் ஒரு பிடிமானம் கிடைக்கும்.

வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. ஜிம்னியில் ஆறு ஏர்பேக். அவற்றில் இரண்டு முன் சீட்டுகளின் வெளிப்பக்க ஓரத்துக்குள் இருக்கின்றன. இரண்டு திரைபோலக் கூரை ஓரம் நெடுக மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. சீட்டின் பக்கவாட்டை முழுதாக மூடும் பை வைத்த உறைகள், மேல் கைப்பிடியில் தொங்கவிடும் டார்ச், கூரை ஓரத்தில் திருகிய வலைப் பை இவையெல்லாம் அந்த ஏர்பேக்கின் வழியை மறிக்கும். சில சமயம் அவையே எறிபொருளாகிவிடும். தாரில், வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் ரோல் கேஜ் குழாய் கைக்கு எட்டுகிற இடத்திலேயே இருப்பதால் எதையாவது மாட்டச் சொல்லி ஆசை காட்டும். 2 கிலோவுக்கு மேல் மாட்ட வேண்டாம். தலை உயரத்தில் எதையுமே மாட்ட வேண்டாம்.

கொக்கி எதில் மாட்டியிருக்கிறது

பெல்ட் எவ்வளவு பலமானது என்று பார்ப்பவர்கள், அதன் கொக்கி எதில் மாட்டியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. டிக்கியின் பக்கச் சுவரில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகள் காய்கறிப் பை தொங்கவிடுவதற்கானவை. பிளாஸ்டிக் ட்ரிம்மில் திருகிய எதுவும் ஆங்கர் ஆகாது. ஆங்கர் என்றால் பாடி இரும்பில் பிடித்தது.

மோதலில் 20 ஜி, அதாவது சாமானின் எடையைப் போல் 20 மடங்கு விசை, என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். 25 கிலோ பெட்டி அந்த நொடியில் 500 கிலோவாக இழுக்கும். பின்பக்க ஆங்கர் இரண்டு அதைப் பகிர்ந்தால் ஆளுக்கு 250 கிலோ. எம்8 அளவில் (8 மி.மீ. தடிமன்) 8.8 வலிமைத் தர போல்ட் இதை அலட்சியமாகத் தாங்கும். ஆனால் அதைப் பிடித்திருக்கும் தரைத் தகடு ஒரு மி.மீ. கூட இருக்காது. சின்ன வாஷர் போட்ட போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். அதனால் தகட்டுக்கு அடியில் 50 × 50 × 3 மி.மீ. இரும்புப் பட்டை கட்டாயம். பட்டையின் மூலைகளை உருட்டி விடுங்கள். கூர்மூலை என்றால் தகட்டில் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

தகட்டின் மேலிருந்தே துளையில் பொருத்தும் திரெட் குழலான ரிவ்-நட் அடித்துவிட்டால் அடிப்பக்கம் போகாமலே வேலை முடிகிறதே என்று கேட்கலாம். எம்8 ரிவ்-நட்டுக்கு 11 மி.மீ., எம்6-க்கு 9 மி.மீ. துளை வேண்டும், பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம். பக்கச் சுவரில் கம்பி வலைப் பலகை, கம்ப்ரசர் ஹோஸ் மாதிரி 5 கிலோவுக்குள் இருப்பவற்றுக்கு அது போதும். மெல்லிய தகட்டில் அடித்த ரிவ்-நட்டை நம்பி ஹை-லிஃப்டைக் கட்டக் கூடாது.

புதுத் துளை போடுவதற்கு முன் இருக்கிற துளைகளைத் தேடுங்கள். தரை விரிப்பைக் கழற்றினால் கம்பெனியே விட்டு வைத்த திரெட் துளைகளும், பின் சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் தெரியும். சீட் போல்ட்டின் தலைக்கு அடியில் தடித்த இரும்பு பிராக்கெட்டைச் சேர்த்துப் பிடிக்கலாம். அதற்கேற்ப நீளமான, அதே தரத்து போல்ட் போட வேண்டும். சீட் பெல்ட்டின் போல்ட்டை மட்டும் தொடாதீர்கள். அது பெரும்பாலும் 7/16 அங்குல யுஎன்எஃப் நுண்திரெட். கடையில் கிடைக்கும் மெட்ரிக் போல்ட்டை அதில் ஏற்றினால் திரெட் போய்விடும், பிறகு அந்த இடத்தில் உட்காருபவருக்குப் பெல்ட் இல்லாத மாதிரிதான்.

இடம் போதவில்லையென்று பின் சீட்டையே கழற்றிவிடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்சி புத்தகத்தில் உள்ள இருக்கை எண்ணிக்கையும் வண்டியில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். அதை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் கீழ் வரும். சீட்டை மடித்து வைத்துக்கொண்டு வேலையை முடிப்பதே நல்லது.

டிக்கிப் பலகை

ஜிம்னியின் டிக்கி சீட் நிமிர்ந்திருக்கும்போது 208 லிட்டர், மடித்தால் 332 லிட்டர். மடித்த சீட் முதுகு தரையோடு ஒரே மட்டமாகப் படுப்பதில்லை, ஒரு படி நிற்கிறது. அந்தப் படியைச் சமாளிக்கவும், ஆங்கர்களை விரும்பிய இடத்தில் வைக்கவும் ஒரு பலகை அடிப்பதுதான் நிரந்தர வழி. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி முதலில் அச்சு எடுங்கள். சக்கர வளைவைச் சுற்றி 5 மி.மீ. இடைவெளி விடுங்கள், ஒட்டி வெட்டினால் வண்டி முறுக்கும்போது கிறீச்சிடும்.

பிளைவுட் 12 மி.மீ., ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் வகை. சாதாரண கமர்ஷியல் பிளைவுட் ஒரு மழைக்காலத்தில் ஓரம் விரியும். 18 மி.மீ. தேவையில்லை, எடைதான் கூடும். ஒரு சதுர மீட்டருக்கு 12 மி.மீ. பலகையே 8 கிலோ வரை வரும். வெட்டிய ஓரங்களிலும் போட்ட துளைகளுக்குள்ளும் இரண்டு கை பி.யு. (பாலியூரிதேன்) வார்னிஷ் ஓட்டுங்கள். தண்ணீர் உள்ளே போவது முகத்தின் வழியாக இல்லை, ஓரத்தின் வழியாக.

பாடியில் பிடிக்கக் குறைந்தது நாலு இடம். துளை போடும் முன் வண்டியை ஹாய்ஸ்டில் ஏற்றி, அந்த இடத்துக்கு நேர் கீழே பெட்ரோல் டாங்க், பிரேக் பைப், ஒயரிங், சைலன்சர் எது ஓடுகிறது என்று கண்ணால் பார்த்து சாக்பீஸால் குறியுங்கள். மேலிருந்து உத்தேசமாகப் போடும் துளை டாங்கில் இறங்கினால் அதோடு வண்டிக்கும் விடை கொடுக்க வேண்டியதுதான். ட்ரில் பிட்டில் நுனியிலிருந்து 10 மி.மீ. மட்டும் வெளியே தெரியும்படி ஒரு மரத்துண்டைக் கோத்துவிடுங்கள், அதற்கு மேல் இறங்காது. முதலில் 3 மி.மீ. பிட், அடுத்து 6, கடைசியாக எம்8 போல்ட்டுக்கு 8.5. துளையின் ஓரத்தை அரத்தால் தேய்த்து, இரும்புத் தூளை வேக்யூம் வைத்து உறிஞ்சி எடுங்கள். துடைத்தால் மட்டும் போதாது. மிச்சமிருக்கும் ஒவ்வொரு தூளும் பெயின்ட் மேலேயே துருப்பிடித்துப் புள்ளி வைக்கும். பிறகு ஜிங்க் பிரைமர், அது காய்ந்ததும் போல்ட்டைச் சுற்றிப் பி.யு. சீலன்ட். வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கானை இங்கே பூசக் கூடாது. அந்த அமிலமே துருவுக்கு வித்து.

பலகையின் மேல் ஆங்கருக்கு இரண்டு வழி. விமானத்தில் சீட் பிடிக்கும் அலுமினிய எல்-ட்ராக் ஒன்று. துளைகள் ஒரு அங்குல இடைவெளியில் இருப்பதால், வளையத்தை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தி மாட்டலாம். 60 செ.மீ. நீளத்தில் இரண்டு, முன்பின்னாக, சக்கர வளைவுகளை ஒட்டிப் போடுங்கள். எம்6 போல்ட் 10 செ.மீ.க்கு ஒன்று, பலகைக்கு அடியில் 25 மி.மீ. வாஷரும், நைலான் வளையம் உள்ள, அதிர்வில் கழலாத நைலாக் நட்டும். மர ஸ்க்ரூவால் ட்ராக்கைப் பிடிப்பது வீண் வேலை, பிளைவுட்டின் அடுக்கோடு பிடுங்கிக்கொண்டு வரும். இரண்டாவது வழி மலிவானது. லாரி பாடி கட்டும் பட்டறைகளில் கிடைக்கும் மடக்கு டி-வளையம் ஆறு வாங்கி நேரே பதியுங்கள். கனமான சாமானுக்கான நாலு வளையங்களின் போல்ட் பலகையோடு நிற்காமல் பாடித் தகட்டையும் கடந்து, அடியில் உள்ள பட்டையில் முடிய வேண்டும். ட்ராக்குக்கும் அதே விதிதான், இரண்டு முனை போல்ட்டுகளாவது பாடி வரை போக வேண்டும். மற்றவை பலகையோடு போதும்.

நட்டுகள் நைலாக்காக இருக்கட்டும். நைலாக் போட முடியாத இடத்தில் திரெட்டைப் பிடித்துக்கொள்ளும் பசையான நீல நிறத் திரெட்-லாக் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், பிறகு கழற்ற நெருப்பு காட்ட வேண்டியிருக்கும். ஸ்ப்ரிங் வாஷரை நம்ப வேண்டாம், வாஷ்போர்டு மாதிரி அலை அலையான சாலையில் அது அதிர்வுக்கு விட்டுக்கொடுத்துவிடும்.

பெல்ட்டும் அதைப் போடும் விதமும்

பல்சக்கரப் பிடியால் இறுக்கும் 25 மி.மீ. பாலியெஸ்டர் ராட்செட் பெல்ட் இந்த வேலைக்குப் போதும். லாரிக்காரர்களின் 50 மி.மீ. பெல்ட் அதிகப்படி. அதன் ராட்செட்டே ஒரு சுத்தியல் கனம் இருக்கும். பெல்ட்டில் தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். நீல லேபிள் என்றால் பாலியெஸ்டர், பழுப்பு என்றால் பாலிபுரொப்பிலீன். எல்.சி. என்று போட்டிருக்கும் எண் பெல்ட் தாங்கும் இழுவை, டெக்கா நியூட்டனில், கிட்டத்தட்ட கிலோவாகவே எடுத்துக்கொள்ளலாம். 250-க்குக் குறைந்தால் வாங்க வேண்டாம். லேபிளே இல்லாத பெல்ட் கூடாரம் கட்ட உதவும். கொக்கி திறந்த வாயாக இருந்தால் குதிக்கும்போது பெல்ட் ஒரு நொடி தளர்ந்ததும் கழன்றுவிடும், நாக்கு வைத்த கொக்கியாகப் பார்த்து வாங்குங்கள்.

எல்லோரும் செய்வது மேலே ஒரு பெல்ட் போட்டு அழுத்துவது. அது என்ன தாங்கும்? 25 கிலோ பெட்டி, பெல்ட்டில் 100 கிலோ இழுவை. இரண்டு பக்கமும் நேராகக் கீழே இறங்கினால் 200 கிலோ அழுத்தம், பெட்டியின் எடையும் சேர்ந்து 225. பிளாஸ்டிக் பெட்டிக்கும் பலகைக்கும் உராய்வு 0.3 என்று வைத்தால் அது பிடித்து நிறுத்துவது 67 கிலோ விசையைத்தான். அழுத்திப் பிரேக் போட்டால் தாங்கும், மோதினால் தாங்காது. பெல்ட் தரைக்கு 30 டிகிரியில் சரிந்து இறங்கினால் அழுத்தமும் பாதியாகிவிடும்.

ஆகவே மேல் பெல்ட்டோடு ஒரு சுற்று பெல்ட்டும் வேண்டும். பின்பக்க ஆங்கர் ஒன்றில் தொடங்கி, பெட்டியின் முன்முகத்தை, அதாவது சீட்டைப் பார்க்கும் முகத்தைச் சுற்றிவந்து, மறுபக்கப் பின் ஆங்கரில் முடியும் பெல்ட் அது. முன்னால் பாயும் பெட்டியை உராய்வின் தயவில்லாமல் நேராகவே பிடிக்கிறது. பெட்டியின் பாதி உயரத்துக்குக் கீழே அதைப் போட்டால் பெட்டி அதற்கு மேலாகக் குப்புற விழும். மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் இருக்கட்டும். பெட்டிக்கு அடியில் 3 மி.மீ. ரப்பர் ஷீட் விரித்தால் உராய்வும் ஏறக்குறைய இரட்டிக்கும், சத்தமும் அடங்கும்.

ராட்செட்டின் உருளையில் பெல்ட் ஒன்றரைச் சுற்றாவது சுற்றியிருக்க வேண்டும், மூன்றுக்கு மேல் போனால் பல் சரியாக விழாது. முறுக்கு இல்லாமல் போடுங்கள். கூர்மையான ஓரத்தில் மடங்கும் இடத்தில், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பழைய குழாயைக் கீறி ஒரு சாண் துண்டு செருகினால் அறுபடாது. பிளாஸ்டிக் பெட்டியைக் கை ஓயும் வரை இறுக்கினால் மூடி நெளிந்து லாட்ச் தானே திறந்துகொள்ளும். துணிப் பைகளுக்கும் இலேசான பெட்டிகளுக்கும் கையால் இழுத்து இறுக்கும் கேம் பக்கிள் பெல்ட் போதும், அதைக் கை பலத்துக்கு மேல் இறுக்கவே முடியாது.

லாரி ட்யூபைக் கீறிய ரப்பர் பட்டையும், பைக் எலாஸ்டிக்கும் படுக்கை, ஜாக்கெட் மாதிரியானவற்றை அடக்கி வைக்க மட்டும். இழுத்த எலாஸ்டிக்கின் கொக்கி கழன்றால் நேராகக் கண்ணைத்தான் தேடி வரும்.

சில சாமான்கள், தனித்தனியாக

ஹை-லிஃப்ட். நீளமான இரும்பு, நடுவில் ஒரே இடத்தில் கட்டினால் சுழலும். இரு முனைகளிலும், கால் பாகம் உள்ளே தள்ளி, இரண்டு இடத்தில் பிடியுங்கள். ஜாக்கியின் சட்டத்தில் ஏற்கெனவே வரிசையாகத் துளைகள் இருக்கின்றன. பலகையிலிருந்து எம்10 ஸ்டட் (தலையில்லாத திரெட் கம்பி) இரண்டு நிறுத்தி, அந்தத் துளைகளில் ஜாக்கியை இறக்கி, கையால் திருகும் நட்டு போட்டால் பெல்ட்டே வேண்டாம். டிக்கியின் அகலவாக்கில் 48 அங்குலம் படுக்காது. நீளவாக்கில், சீட்டின் ஒரு பாதியை மடித்த பக்கம் வையுங்கள். அதன் முனை முன் சீட்டில் இருப்பவரின் முதுகைப் பார்த்தபடி இருப்பதால்தான் ஸ்டட் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம். கைப்பிடி ஆடாமலிருக்கப் பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு சுற்று. உண்மையில், கம்பெனி கொடுத்த ஜாக்கியும் அடியில் வைக்க ஒரு தடித்த மரப்பலகையும் இருந்தால் பெரும்பாலான பயணங்களில் ஹை-லிஃப்ட்டை வீட்டில் விட்டுவிட்டே போகலாம்.

மண்வெட்டி, கோடரி. கம்பைப் பிடிக்கக் குயிக் ஃபிஸ்ட் மாதிரியான ரப்பர் கிளாம்ப் வசதியானது. சாதாரண அளவு 22 முதல் 57 மி.மீ. வரையான கம்பைப் பிடிக்கும், ஒன்றுக்கு 11 கிலோ வரை என்று போட்டிருப்பார்கள். அது ஆடாமல் பிடிக்கும் கணக்கு, மோதலுக்கான கணக்கு இல்லை. இரண்டு கிளாம்ப் போட்டு, தலைக்கு ஒரு பெல்ட்டும் போடுங்கள். கோடரியின் வாய்க்குத் தோல் உறை இல்லாவிட்டால் வண்டியில் ஏற்றாதீர்கள். வெயில் படும் கிளாம்ப்பின் ரப்பரில் வெடிப்பு விழும், வருடத்துக்கு ஒருமுறை வளைத்துப் பாருங்கள்.

ஸ்பேனர், சாக்கெட். கடையில் வரும் பிளாஸ்டிக் பெட்டியின் லாட்ச் பத்தாவது குழியில் திறக்கும். தார்ப்பாய் தைக்கும் கடையிலோ சீட் கவர் கடையிலோ கெட்டியான ரெக்சினில் சுருட்டுப் பை தைத்துக்கொள்ளுங்கள். 60 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம், மேலே 15 செ.மீ. மடிப்பு. 3 செ.மீ.க்கு ஒரு பாக்கெட், வெளியே இரண்டு வார். மேல் மடிப்பு இல்லாமல் தைத்தால் தலைகீழாகும்போது எல்லாம் கொட்டும். ஒரு சுருட்டு 4 கிலோவைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள். சுருட்டை அப்படியே பெட்டிக்குள் போட்டு, மிச்ச இடத்தை வேட்டி துண்டால் அடைத்தால் ஒரு சத்தமும் வராது. துண்டும் எப்படியும் தேவைப்படும்.

ஷேக்கிள். 4.75 டன் இரும்பு ஷேக்கிள் ஒன்று ஒன்றேகால் கிலோ. கட்டாமல் விடும் சின்னச் சாமான்களில் இதைவிட மோசமானது இல்லை. கயிறு ஷேக்கிளுக்கு மாறினால் எடையும் போய்விடும், பயமும் போய்விடும். கல்லில் உரசும் இடத்துக்கு மட்டும் இரும்பு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

தீயணைப்பான். ஒரு கிலோ ஏபிசி பவுடர், ஐ.எஸ். 15683 முத்திரையோடு. அதனுடன் வரும் மெல்லிய கம்பி வளையம் வீட்டுச் சுவருக்கானது. இரும்புப் பட்டையும் இழுத்ததும் விடும் பக்கிளும் உள்ள வாகன பிராக்கெட் தனியாக வாங்கி, பயணி சீட்டின் முன் அடிச்சட்டத்தில் படுக்கவைத்துப் பிடியுங்கள். சீட் முன்னும் பின்னும் முழுக்க நகர்கிறதா என்று பார்த்துவிட்டு போல்ட் போடுங்கள். அதிர்வில் உள்ளே இருக்கும் பவுடர் இறுகும். மாதம் ஒருமுறை கழற்றித் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கி, முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் உருண்டைக் கேனை ஏற்றாதீர்கள். உருளும், அதன் மூடி அழுத்தத்துக்குத் தாங்காது, பெல்ட் நிற்கவும் தோதான இடம் இல்லை. சதுரமான 10 லிட்டர் கேன் இரண்டு, கழுத்து வரை நிரப்பி, சீட் முதுகோடு ஒட்டி வையுங்கள். பாதி நிரம்பிய கேன் குலுங்கிக் குலுங்கியே பெல்ட்டைத் தளர்த்தும். ஒன்றை முழுதாகத் தீர்த்துவிட்டு அடுத்ததைத் திறப்பது வழக்கமாகட்டும்.

பெட்ரோல், டீசல் கேனுக்கு வண்டிக்குள் இடம் இல்லை, எவ்வளவு நன்றாகக் கட்டினாலும். ஆவி கட்டுக்கு அடங்காது.

சோதித்துப் பார்ப்பது

கட்டி முடித்ததும் ஒவ்வொன்றையும் முன்பக்கமாக உடம்பின் முழு எடையையும் போட்டு இழுங்கள். ஒரு விரல் அகலம் நகர்ந்தாலும் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். பிறகு காலி மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில் போய்ப் பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். பின் சீட்டில் யாரையும் உட்காரவைக்காதீர்கள். அடுத்து பத்துக் கிலோமீட்டர் கல் பாதை. சத்தம் எங்கிருந்து என்று காதால் தேடுவதைவிட, திரும்பி வந்து கண்ணால் தேடுவது எளிது. நகர்ந்த சாமான் தன்னைச் சுற்றித் தூசியைத் துடைத்து வைத்திருக்கும். இரும்பு உரசிய இடம் பளபளக்கும், அலுமினியம் உரசிய இடத்தில் கறுப்புப் பொடி படிந்திருக்கும். அந்த இடத்துக்குப் பழைய யோகா மேட்டை வெட்டி ஒட்டுங்கள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் சாதாரண பசை இளகி வழியும், வெல்க்ரோவின் பின்பசையும் அப்படித்தான். தையலோ ரிவெட்டோ இல்லாத வெல்க்ரோ சித்திரை மாதத்தைத் தாண்டாது.

போல்ட்டும் நட்டும் சேரும் இடத்தில் வெள்ளை மார்க்கரால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஸ்பேனர் எடுக்காமலே, கோடு உடைந்திருக்கிறதா என்று பார்த்தால் எது தளர்ந்தது என்று தெரிந்துவிடும். முதல் 100 கி.மீ.க்குள் எல்லா நட்டும் கொஞ்சம் விடும், பலகையில் வாஷர் பதிவதால் வரும் தளர்ச்சி அது. ஒருமுறை இறுக்கிக் கோட்டைப் புதிதாகப் போடுங்கள். அதன் பிறகும் ஒரே நட்டின் கோடு திரும்பத் திரும்ப உடைகிறதென்றால் குற்றம் நட்டில் இல்லை. அதில் கட்டிய சாமான் ஆடுகிறது, அல்லது அடியில் உள்ள தகடு நெளிகிறது. பலகையைத் தூக்கிப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் எப்படியும் ஒருமுறை தூக்கத்தான் வேண்டும், துளைகளைச் சுற்றித் துரு பிடித்திருக்கிறதா என்று பார்க்க.